வம்சத்து வயித்தெரிச்சல்

விடியக்காலை ஐந்து மணிக்கு முன்னாலேயே கம்பத்தில் எங்கள் தெருமுனையில் ஜீப் ஹாரன் கேட்கும். கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப். அதற்குள் அம்மா எழுந்து, சோறு வடித்து, தூக்குச்சட்டியில் குழம்பை ஊற்றி மூடியிருப்பார். கிளம்பும்போது வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் டீ. டீயோடு ஒரு கேஸ் மாத்திரை. அந்த மாத்திரை சேலை முந்தானை முடிச்சில், சில்லறைக் காசோடு கிடக்கும். நான் பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்து பார்த்த காட்சி இது. கணக்குப் போட்டால் இருபத்திரண்டு வருஷம் அம்மா மலைக்குப் போயிருக்கிறார். அதில் பாதிக்கு மேல் அந்த மாத்திரையும் கூடவே மலையேறியிருக்கிறது.

"ஏம்மா, டாக்டர்கிட்டதான் ஒரு எட்டு காட்டிட்டு வருவமே" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஒரே பதில்தான்.

"இதுக்கெல்லாம் டாக்டரா? நம்ம வம்சத்துக்கே உள்ளதுடி இது. அம்மாச்சிக்கு இருந்துச்சு, பெரிய மாமனுக்கு இருந்துச்சு. எனக்கு இருக்கு. நாளைக்கு உனக்கும் வரும், பாத்துக்க."

அந்தப் பதிலைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். அம்மா சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு இத்தனை வருஷமும், அம்மா உடம்பிலிருந்து அவ்வளவு ரத்தமும் போக வேண்டியிருந்தது.

ஒரு வயிற்றுக்கு எத்தனை பேர்

கேஸ், நெஞ்சுக்கரிப்பு, புளிச்ச ஏப்பம், எதுக்களிப்பு, மந்தம், வாய்வு, அல்சர். எங்கள் பக்கம் ஒரு வயிற்றுத் தொந்தரவுக்கு இத்தனை பேர் வைத்திருக்கிறோம். பேருக்குப் பேர் ஒரு வைத்தியமும் உண்டு. குழந்தை சாப்பிட மாட்டேன் என்று துவண்டு கிடந்தால் தொக்கம் எடுக்கிறவரிடம் தூக்கிப் போவோம். புளிச்ச ஏப்பத்துக்குச் சோடா. அல்சர் என்று யாராவது சொல்லிவிட்டால் மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும். இது எதுவும் கேட்காவிட்டால் மெடிக்கலில் போய், "கேஸ் மாத்திரை ஒரு அட்டை" என்று வாங்கி வருவது.

இவற்றைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. எரிகிற வயிற்றுக்குத் தேங்காய்ப்பால் இதமாகத்தான் இருக்கும். கேஸ் மாத்திரையும் நல்ல மருந்துதான். அமிலம் சுரப்பதைக் குறைத்து, புண் ஆற இடம் கொடுக்கும். ஆனால் எரிச்சல் ஏன் வந்தது என்று இவற்றில் எதுவும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய நாங்களும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு இன்னொரு மாத்திரையும் இருந்தது. ஏலக்காய் எடுப்பு தெரிந்தவர்களுக்குத் தெரியும், காய் செடியின் அடியில்தான் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்து, ஈரத்தில் நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும். சாயங்காலம் ஜீப்பில் இறங்கும்போது இடுப்பு நிமிராது. அதற்கு மெடிக்கலில் "உடம்பு வலிக்கு ஒரு செட்டு" என்று கேட்டால், பேர் இல்லாத ஒரு காகிதப் பொட்டலத்தில் மூன்று நான்கு மாத்திரை கிடைக்கும். அதைப் போட்டுத்தான் தூக்கம். காலையில் கேஸ் மாத்திரை, ராத்திரி வலி மாத்திரை. ஒன்றுக்கும் மற்றதுக்கும் சம்பந்தம் உண்டு என்று எங்களுக்குத் தெரியாது.

மஞ்சள் சிவந்தது

போன வருஷம் மாசி மாதம் அம்மா வீட்டுப் படியேறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. "வெயில்ல வந்தது" என்றார். இந்தத் தடவை நான் விடவில்லை. தேனிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டர் நிதானமாகக் கேட்டார். எப்போது எரிகிறது, சாப்பிட்டால் குறைகிறதா கூடுகிறதா, நடுராத்திரி வலி எழுப்புகிறதா, எடை குறைந்திருக்கிறதா, வலிக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள். பிறகு ஒரு கேள்வி கேட்டார். நாங்கள் யாரும் அம்மாவிடம் கேட்காத கேள்வி.

"மலம் என்ன நிறத்துலம்மா போகுது?"

அம்மா என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "கறுப்பாத்தான் போகுதுய்யா. ஒரு மாசமா. சூடுன்னு நெனச்சேன்."

"தார் மாதிரி, பிசுபிசுன்னா?"

"ஆமாய்யா."

வயிற்றுக்குள் கசிகிற ரத்தம் அமிலத்தோடு கலந்து குடல் வழியாக இறங்கும்போது அப்படித்தான் கறுத்துப் போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மாதமாக அம்மா உள்ளுக்குள் ரத்தம் சிந்திக்கொண்டிருந்தார், அதோடு ஏலக்காடும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். ரத்த அளவு பார்த்தார்கள், ஏழு. அன்றே படுக்கையில் சேர்த்தார்கள்.

மறுநாள் எண்டோஸ்கோப்பி. எங்கள் பக்கம் "டியூப் விட்டுப் பாக்குறது" என்பார்கள். அதற்குப் பயந்தே பாதிப்பேர் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை. தொண்டையில் மரத்துப்போகும் மருந்து அடித்தார்கள், சில நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் ஒரு புண் இருந்தது. அதோடு, இரைப்பைச் சுவரிலிருந்து அரிசிமணியை விடச் சின்னதாக ஒரு துணுக்கு எடுத்து, மஞ்சள் நிறத்தில் பசை மாதிரி ஒன்றிருந்த சின்னக் குப்பியில் போட்டார்கள். வெளியே காத்திருந்த என்னிடம் கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் அதைக் காட்டினார். மஞ்சள் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது.

"கிருமி இருக்கு" என்றார்.

எனக்கு ஆரத்தித் தட்டுதான் ஞாபகம் வந்தது. மஞ்சள் கரைத்த தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் சட்டென்று சிவக்குமே, அதே மாதிரி. பிறகு படித்துப் பார்த்தால், இரண்டுக்கும் பின்னால் இருப்பது கிட்டத்தட்ட ஒரே சங்கதி. சுண்ணாம்பு காரம், அது மஞ்சளைச் சிவக்க வைக்கிறது. குப்பியிலும் காரம்தான் நிறத்தை மாற்றுகிறது. அந்தக் காரத்தை உண்டாக்கியது அம்மா வயிற்றுக்குள் குடியிருந்த ஒரு கிருமி.

அமிலத்துக்குள் குடித்தனம்

அதன் பேர் ஹெலிகோபாக்டர் பைலோரி. சுருக்கமாக ஹெச்.பைலோரி என்பார்கள். சுருள் வடிவம், ஒரு முனையில் வால் மாதிரி இழைகள். இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றுதான் ரொம்ப நாள் நம்பியிருந்தார்கள். இது பிழைக்கிறது. எப்படி என்பது விவசாயக் குடும்பத்துக்கு எளிதில் புரியும்.

வயலுக்கு யூரியா போடுகிறோம். ஈர மண்ணில் விழுந்த யூரியாவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் யூரியேஸ் என்ற நொதியால் உடைத்து அமோனியாவாக மாற்றும். உரம் போட்ட வயலில் சில சமயம் மூக்கில் ஏறுகிற நெடி அதுதான். நம் உடம்பும் யூரியா உண்டாக்குகிறது. அதில் கொஞ்சம் இரைப்பை நீரிலும் இருக்கிறது. ஹெச்.பைலோரி அதே யூரியேஸை ஏராளமாகச் சுரந்து, யூரியாவை உடைத்து, தன்னைச் சுற்றி அமோனியாப் போர்வை ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. அமோனியா காரம். அமிலம் அதன் கிட்டே வருவதற்குள் சமன்பட்டுவிடும். அப்படியே நீந்தி, இரைப்பைச் சுவரை மூடியிருக்கிற வழுவழுப்பான சளிப்படலத்துக்குள் புகுந்து குடித்தனம் வைத்துக்கொள்ளும். அங்கிருந்து இரைப்பைச் சுவரை வருஷக்கணக்கில் அழற்சியிலேயே வைத்திருக்கும்.

அம்மாவின் விஷயத்தில் இரண்டு அடி விழுந்திருக்கிறது. கிருமி ஒரு பக்கம் சுவரைப் பலவீனமாக்க, தினசரி வலி மாத்திரை இன்னொரு பக்கம் இரைப்பையின் இயல்பான பாதுகாப்பைக் குறைத்திருக்கிறது. இரண்டும் ஒன்று சேர்ந்தால் புண்ணும் ரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு, தனித்தனியாக இருப்பதை விட மிக அதிகம். "கேஸ் மாத்திரை தினமும் போட்டால் டெஸ்டில் கிருமி தெரியாமலும் போகலாம். உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சு. தெரியலைன்னா மறுபடி பார்க்கச் சொல்லியிருப்பேன்" என்றார் டாக்டர். அதனால்தான் இந்தப் பரிசோதனைகளுக்கு முன் இரண்டு வாரம் கேஸ் மாத்திரையையும், நான்கு வாரம் ஆன்டிபயாட்டிக்கையும் நிறுத்தச் சொல்கிறார்கள். ரத்தம் கசிகிற அவசரத்தில் அதற்கெல்லாம் நேரம் இருக்காது.

மாமாவின் தழும்பு

பெரிய மாமாவின் வயிற்றில், நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை நேர்கோடாக ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் ஆற்றில் குளிக்கும்போது அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். 1986-ல், தேனி மதுரை மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், மதுரையில் செய்த அல்சர் ஆபரேஷன். அமிலத்தைச் சுரக்கச் சொல்கிற நரம்பை வெட்டி, இரைப்பையைக் குடலோடு வேறு வழியில் இணைப்பார்கள். அன்றைக்கு உலகம் முழுக்கச் செய்த வைத்தியம்தான் அது. பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பந்தியில் நிறைவாகச் சாப்பிட்டு எழுந்ததை நான் பார்த்ததில்லை.

மாமாவைப் போன்றவர்கள் தென்னிந்தியாவில் அதிகம் என்பதை டாக்டர்கள் முன்பே கவனித்திருக்கிறார்கள். ரயில்வே மருத்துவர் எஸ்.எல். மல்ஹோத்ரா ரயில்வே தொழிலாளர்களை வைத்து 1964-ல் எழுதினார். மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் வேலை பார்த்த ஃபிராங்க் டோவி என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவரும் இதைப் பல வருஷம் ஆராய்ந்தார். அரிசிச் சோறு உண்ணும் தெற்கில் சிறுகுடல் புண் அதிகம், கோதுமை உண்ணும் வடக்கில் குறைவு என்பது அவர்கள் கண்டது. சோற்றில், மெல்லுகிற விதத்தில், எண்ணெயில் என்று காரணம் தேடினார்கள். கிருமி என்று அப்போது அவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்ற நியாயமும் இல்லை.

அது தோன்றியது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில். ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் 1979-ல் இரைப்பைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அழற்சி இருக்கிற இடத்திலெல்லாம் வளைந்த கிருமிகள் இருப்பதைக் கண்டார். பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் 1981-ல் அவரோடு சேர்ந்தார். கிருமியை வளர்க்கப் பார்த்தார்கள். இரண்டு நாளில் ஒன்றும் முளைக்காத தட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடுவது ஆய்வக வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் கூடுதல் நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் முளைத்திருந்தது. மெதுவாக வளர்கிற கிருமி, அதற்கு வேண்டியிருந்தது நாள்தான்.

சொன்னால் நம்ப ஆளில்லை. புண் கவலையாலும் அமிலத்தாலும் வருவது என்று பாடப்புத்தகமே சொன்னது. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த நீரைத் தானே எடுத்துக் குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி. பத்தாம் நாள் வாக்கில் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தால் இரைப்பை முழுக்க அழற்சியும் கிருமியும். நன்றாக இருந்த இரைப்பையில் இந்தக் கிருமி நோயை உண்டாக்கும் என்று தன் உடம்பிலேயே காட்டினார். அப்படியும் ஊரறிய ஏற்றுக்கொள்ள 90-கள் ஆயின. 1994-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, இந்தக் கிருமி உள்ள புண் நோயாளிகளுக்குக் கிருமிக்கொல்லி தர வேண்டும் என்று சொன்னது. அதே ஆண்டு உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பட்டியலில் இதைச் சேர்த்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வாரன் 2024-ல் காலமானார்.

மார்ஷல் குடித்தது 1984, மாமா வயிற்றைக் கிழித்தது 1986. இந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அறிவு பெர்த்திலிருந்து கம்பத்துக்கு நடந்து வர நேரம் ஆகும். ஆனால் வந்து சேர்ந்து முப்பது வருஷம் ஆன பிறகும், என் அம்மா முந்தானையில் கேஸ் மாத்திரையை முடிந்துகொண்டிருந்தாரே, அதற்கு அந்தச் சமாதானம் செல்லாது.

வம்சம் என்றால் என்ன

இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொள்கிறது. எச்சில் வழியாகவும், வாந்தி வழியாகவும், மலம் கலந்த தண்ணீர், கழுவாத கை வழியாகவும் பரவும். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதுதான் அதிகம். ஒரே குடும்பத்தில் இருக்கிற கிருமிகளின் மரபணுவைப் பார்த்தால் அவை ஒரே வழித்தோன்றல்களாக இருப்பதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். ஒரு தடவை வந்தால் தானாகப் போவது அபூர்வம், சிகிச்சை இல்லாவிட்டால் ஆயுசுக்கும் இருக்கும்.

அம்மாச்சி காரச்சோற்றைத் தன் வாயில் போட்டு மென்று, காரம் போக்கி, எங்களுக்கு ஊட்டுவார். ஒரே அறையில் ஏழு பேர் படுத்த வீடு. ஒரே சொம்பில்தான் எல்லோருக்கும் தண்ணீர். கக்கூஸ் கட்டியது நான் பத்தாவது படிக்கும்போது. அம்மாச்சி ஊட்டியது பாசம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் அறியாமல் அந்தப் பாசத்தோடு வேறொன்றும் வந்திருக்கலாம்.

ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-ல் ஒரு மனிதனின் உடலைக் கண்டெடுத்தார்கள். சுமார் 5,300 வருஷத்துக்கு முன் இறந்தவன், ஊட்ஸி என்று பேர் வைத்திருக்கிறார்கள். அவன் இரைப்பையில் இருந்ததை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். அதிலும் ஹெச்.பைலோரி. அதுவும் இன்றைய ஐரோப்பிய வகையை விட, இன்று நடு ஆசியாவிலும் தெற்காசியாவிலும் காணப்படும் வகைக்கு நெருக்கமானது. மனிதர்கள் ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியபோதே, ஏறக்குறைய 60,000 வருஷத்துக்கு முன், இந்தக் கிருமியும் கூடவே கிளம்பியது என்கிறார்கள். தாய் பிள்ளைக்குக் கொடுத்து, அந்தப் பிள்ளை தன் பிள்ளைக்குக் கொடுத்து, நடந்தே வந்திருக்கிறது.

ஆக அம்மா சொன்னதில் அந்தப் பாதி உண்மை. வம்சத்தில்தான் வந்தது. ஆனால் தலையெழுத்தாக வரவில்லை. ரத்தத்தில் வந்த குணத்தை மாற்ற முடியாது, எச்சிலில் வந்த கிருமியைப் பதினாலு நாளில் துரத்தலாம். இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

எல்லா எரிச்சலும் இதுவல்ல

உடனே ஊரில் எல்லோரும் போய் டெஸ்ட் எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கு மேல் இந்தக் கிருமியைச் சுமக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் வருவதில்லை. புண் வருவது பத்தில் ஒருவருக்கு என்கிற அளவில்தான். இரைப்பைப் புற்றுநோய் அதை விடவும் குறைவு.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். புண் உள்ளவர்களுக்குக் கிருமியை ஒழித்தால் பலன் பெரிது. முன்பு ஆறிய புண் ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப வரும், கிருமி போனால் திரும்புவது அபூர்வம். ஆனால் எண்டோஸ்கோப்பியில் புண்ணே இல்லாமல் மந்தமும் எரிச்சலும் மட்டும் உள்ளவர்களில், ஏறக்குறைய பதினாலு பேருக்குச் சிகிச்சை தந்தால் ஒருவருக்குத்தான் அதனால் தொந்தரவு தீர்கிறது. மற்றவர்களுக்குக் காரணம் வேறாக இருக்கும். "கிருமியைக் கொன்னாச்சு, இன்னும் எரியுதே" என்று மனம் உடைய வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் சில பேர் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும். முன்பு புண் இருந்தவர்கள், வலி மாத்திரையோ ஆஸ்பிரினோ நெடுநாள் போட வேண்டியவர்கள், அப்பா அம்மா கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்தவர்கள், காரணம் தெரியாமல் இரும்புச்சத்து குறைந்துகொண்டே போகிறவர்கள். எண்டோஸ்கோப்பி தேவைப்படாதவர்களுக்கு மூச்சை ஊதிப் பார்க்கும் யூரியா பரிசோதனையும், மலத்தில் பார்க்கும் பரிசோதனையும் உண்டு. ரத்தத்தில் பார்ப்பது அவ்வளவு நம்பகமில்லை. பழைய தொற்றுக்கும் இப்போதிருக்கும் தொற்றுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

தார் மாதிரி கறுத்த மலம், ரத்த வாந்தி அல்லது காப்பித்தூள் மாதிரி வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, ஓயாத வாந்தி. இதில் எது இருந்தாலும் மெடிக்கலுக்குப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடு வயதுக்குப் பிறகு புதிதாக இந்தத் தொந்தரவு ஆரம்பித்தாலும் அப்படித்தான்.

அதோடு, நெஞ்சு இறுக்கம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ இழுக்கிற வலி இருந்தால் அதைக் கேஸ் என்று நினைத்துச் சோடா குடித்து உட்காராதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். எங்கள் தெருவில் ஒரு அண்ணனை அப்படித்தான் இழந்தோம்.

பதினாலு நாள்

புண்ணுக்கு வைத்தியம் செய்து, ரத்தம் ஏற்றி, கிருமிக்கான மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அமிலத்தைக் குறைக்க ஒன்று, பிஸ்மத் ஒன்று, இரண்டு ஆன்டிபயாட்டிக். ஒரு நாளைக்கு ஒரு கை நிறைய மாத்திரை. நாள் காலண்டரில் வேளைக்கு ஒரு கோடு போட்டேன். மூன்றாம் நாளே அம்மா, "வாயெல்லாம் பித்தளையை நக்குன மாதிரி இருக்குடி" என்றார். ஐந்தாம் நாள் மலம் மறுபடி கறுத்தது. பயந்து போன் செய்தேன். பிஸ்மத்தால் வருகிற கறுப்பு அது, பயப்பட வேண்டாம், ஆனால் தாராகப் பிசுபிசுத்தால், தலை சுற்றினால் உடனே வாருங்கள் என்றார்கள். இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது. பாதியில் மருந்தை நிறுத்துகிறவர்கள் பல பேர் இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள்.

என் சித்தப்பா ஒருத்தர் முன்பு ஏழு நாள் கிட் வாங்கி, நாலாம் நாளே வயிறு சரியாகிவிட்டது என்று மீதியை அலமாரியில் வைத்துவிட்டார். அரைகுறையாக அடிபட்ட கிருமி பிழைத்து, அந்த மருந்துக்கே அடங்காததாக மாறிவிடலாம். நம் நாட்டில் மெட்ரோனிடசோல், கிளாரித்ரோமைசின் போன்ற மருந்துகளுக்கு ஏற்கெனவே அடங்காத கிருமிகள் நிறைய. சளிக்கும் காய்ச்சலுக்கும் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கியதன் வினை அது. அதனால்தான் இப்போது பெரும்பாலும் பதினாலு நாள் எழுதுகிறார்கள். மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களில் சாராயம் கூடவே கூடாது. இதை ஆம்பளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். வேறு என்ன மாத்திரை போடுகிறோம், பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா என்பதையும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முடித்தால் மட்டும் போதாது, கிருமி போனதா என்று பார்க்க வேண்டும். மருந்து முடிந்து குறைந்தது நாலு வாரம் கழித்து, கேஸ் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தி, மறுபடி டெஸ்ட். அம்மாவுக்கு மலப் பரிசோதனை செய்தோம். கிருமி இல்லை என்று வந்தது. அம்மா அந்தச் சீட்டைக் கையில் வாங்கி, எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாமல், ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜீப்பில்

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில்தான் எங்கள் பள்ளத்தாக்கே வாழ்கிறது. நெல்லும் திராட்சையும் வாழையும் அதில்தான். கூடலூர் முதல் வீரபாண்டி வரை வழியிலுள்ள ஊர்கள் குடிப்பதும் அதைத்தான். அந்த ஆற்றில் ஊர்ச் சாக்கடை கலக்காமல் பார்த்துக்கொள்வதும் வயிற்று வைத்தியத்தில் சேர்த்திதான். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைப்பது, கக்கூஸ் போய் வந்து சோப்புப் போட்டுக் கை கழுவுவது, தோட்டத்தில் சோறு தின்னும் முன் கை கழுவத் தண்ணீர் வைப்பது எல்லாம் அடுத்த தலைமுறைக் குழந்தைக்குக் கிருமி போகிற வழியை அடைக்கும். காலையில் ஐந்து மணிக்கு ஜீப் ஏறுகிற பொம்பளைக்கு முதுகு வலித்தால், பேர் இல்லாத பொட்டலம் தவிர வேறு வழி இருக்க வேண்டும். தேனிக்குப் பக்கத்தில் க.விலக்கில் 2004 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, போய்க் காட்டுங்கள்.

நாலு மாதம் கழித்து, ரத்த அளவு பதினொன்றுக்கு ஏறியபின், அம்மா மறுபடி மலைக்குக் கிளம்பினார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. இப்போது டீக்கு முன்னால் இரண்டு வாய் பழைய சோறு தின்கிறார். இடுப்பு வலிக்கு டாக்டர் எழுதியதைத்தான் போடுகிறார்.

முதல் நாள் சாயங்காலம் ஜீப்பில் இறங்கி வந்து சொன்னார். கம்பம்மெட்டு வளைவில் ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரையை எடுத்தாராம். அம்மா அவர் கையைப் பிடித்திருக்கிறார்.

"இந்தா, கூச்சப்படாமச் சொல்லு. வெளிய போறப்ப கறுப்பா போகுதா?"

ஜீப்பில் பத்து பன்னிரண்டு பேர் இருந்தார்களாம். எல்லாப் பேச்சும் நின்றுவிட்டதாம். பிறகு பின் சீட்டிலிருந்து ஒரு சின்னப் பொண்ணு கேட்டிருக்கிறாள்.

"ஏன் மதினி, கறுப்பா போனா என்ன?"